நமக்கென்று ஓர் அரை மணி நேரம்

(சங்கரன்கோவிலில் பங்குனி மாதம் நடைபெற்ற கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக ஊக்குநர்கள் இதைக் குழுவில் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.)



சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி முடித்துவிட்டோம். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. மிச்சம் இருக்கிற நேரத்தில், தீர்மானப் புத்தகத்தில் நாம் ஒருநாளும் எழுதாத ஒரு விஷயத்தைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. இந்த வாரத்தில் உங்கள் வீட்டுப் பக்கத்து வேப்பமரத்தை நிமிர்ந்து பார்த்தவர்கள் யார் யார்? கை தூக்குங்கள் பார்ப்போம். நாலு பேர்தானா? பின்னால் இருக்கிற அக்கா ஒருத்தர் சொல்கிறார்: "பூவைக் கூட்டிப் பெருக்கினேன் மேடம், மரத்தைப் பார்க்கலை." சரியாகச் சொன்னீர்கள். நம் எல்லாருடைய நிலைமையும் அதுதான். பூ உதிர்ந்தால் நமக்கு அது பெருக்குகிற வேலை.

வசந்த காலம் என்றால் சினிமாவில் காஷ்மீரைக் காட்டுவார்கள். நம்ம ஊருக்கும் வசந்தம் உண்டு. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று நம் முன்னோர் பெயர் வைத்திருக்கிறார்கள். பங்குனியிலேயே அது வாசலுக்கு வந்துவிடுகிறது. புங்கமரம் பழைய இலையைக் கொட்டிவிட்டு, எண்ணெய் தேய்த்த மாதிரி தளதளவென்று துளிர்த்து நிற்கிறது. வேம்பு பூத்து, சாயங்காலக் காற்றில் தெரு முழுக்க மணக்கிறது. பனையில் நுங்கு வருகிறது, பதநீர் வருகிறது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போய்வந்த அலுப்பு தீர்ந்து, சித்திரை விசுவுக்குக் காத்திருக்கிறோம். வயல் வேலையும் இப்போது கொஞ்சம் குறைவு. பகலில் வெயில் கொளுத்தினாலும், பொழுது சாய்ந்த பிறகு திண்ணையில் உட்கார இதைவிட நல்ல காலம் நம் பக்கத்தில் கிடையாது.

அந்தத் திண்ணையில் உட்கார நமக்கு நேரம் இருக்கிறதா? இதுதான் இன்றைக்குப் பேச்சு.

என் அம்மாவின் கூடை

என் அம்மா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். பகல் முழுக்க மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றுவார். சாயங்காலம் பீடிக் கணக்கை ஒப்படைத்துவிட்டு வந்து, முகம் கழுவி, திண்ணையில் உட்காருவார். ஒரு நாள் 'ராணி' வாராந்தரி படிப்பார். ஒரு நாள் ஒயர் கூடை பின்னுவார். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று எல்லா முடிச்சும் அவருக்குக் கைவந்தது. பச்சைக்கும் மஞ்சளுக்கும் எத்தனை ஒயர் வெட்ட வேண்டும் என்று விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் நாங்கள் சண்டை போட்டால்கூட அவர் காதில் விழாது.

நான் சமூகப்பணி படிக்கப் போன முதல் வருடம். வருமானப் பெருக்கம், சந்தைப்படுத்துதல் எல்லாம் பாடத்தில் புதிதாகப் படித்திருந்தேன். லீவுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன், "இவ்வளவு அழகா பின்னுதியே, இதை ஏன் விக்கக் கூடாது?" அம்மா சொன்னார், "ஏளா, எல்லாத்தையும் வித்துப்புட்டா எனக்குன்னு என்ன இருக்கும்?"

அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. இத்தனை வருடம் உங்களோடு வேலை பார்த்த பிறகு புரிகிறது. நாங்களும் உங்களிடம் எப்போதும் ஒன்றையேதான் கேட்கிறோம்: "இதில் எவ்வளவு லாபம்?" ஆடு வளர்த்தால் லாபம், தையல் தைத்தால் லாபம். அது தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கையால் செய்கிற எல்லாவற்றையும் காசாக்கித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மனசுக்குப் பிடித்ததால் மட்டும் செய்கிற வேலை ஒன்று நம் ஒவ்வொருத்தரிடமும் இருக்கட்டும்.

"எங்க மேடம் நேரம்?"

நான் இதைச் சொன்னால் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். "எங்க மேடம் நேரம் இருக்கு?"

மத்திய அரசு 2024-ல் நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஒரு நாளின் 24 மணி நேரத்தை யார் எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கேட்டார்கள். சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவழிக்கிறார்கள். வீட்டு வேலை செய்கிற ஆண்கள் செலவழிப்பது 88 நிமிடம். இத்தனைக்கும் வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்! பெண்களின் 289 நிமிடம் என்றால் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். கூலி வேலை, பீடி, பூக்கட்டு, தறி எல்லாம் இதற்கு மேலே தனி.

ஆக நேரம் இல்லை என்று நீங்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் இதில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. அரை மணி நேரம் கிடைத்தாலும், சும்மா உட்கார்ந்தால் மாமியார் என்ன நினைப்பார், பக்கத்து வீட்டு மதினி என்ன சொல்வார் என்று ஒரு கூச்சம். கையில் புத்தகத்தோடு ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தால் "வேலை வெட்டி இல்லையா" என்று கேட்கிற ஊர்தானே நம்முடையது. அந்தக் கூச்சத்தை முதலில் விட வேண்டும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஆணை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

படிப்பும் பின்னலும் சேர்ந்து வந்த கதை

நம் தென்பகுதியில் பெண்களின் படிப்பும் பின்னலும் ஒன்றாகவே வந்தவை. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்னால், அன்றைய திருவிதாங்கூரில் இருந்த நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அங்கே எழுதப் படிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள், நூலால் லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார்கள். பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதே கேவலம் என்று நினைத்த காலம் அது. அடிமைகளாக இருந்த குடும்பத்துப் பெண்கள் சிலர், லேஸ் பின்னிய காசைக் கட்டித் தங்கள் விடுதலையை வாங்கியதாக மிஷன் வரலாறு சொல்கிறது.

மார்த்தாவின் மகள் எலைசா 1844-ல் கால்டுவெல்லைத் திருமணம் செய்துகொண்டார். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதினாரே, அந்தக் கால்டுவெல்தான். எலைசா நம் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு வந்து, அங்கேயும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் லேஸ் பின்னலும் தொடங்கினார்.

அன்றைக்கு அந்தப் பெண்களுக்குப் பின்னலும் காசும் விடுதலைக்கு வழியாக இருந்தன. இன்றைக்கு நம்மை யாரும் விலைக்கு வாங்க முடியாது. ஆனால் நம் நேரம் முழுக்க மற்றவர்கள் கையில்தான் இருக்கிறது. அதில் அரை மணி நேரத்தையாவது மீட்க வேண்டாமா?

நம்ம ஊர் வெயிலில் ஸ்வெட்டர் பின்னி யாருக்குப் போட என்று கேட்காதீர்கள். ஒயர் கூடை இருக்கிறது. குரோஷா நூலில் தட்டு மூடி, பேரப்பிள்ளைக்குக் குல்லா என்று எத்தனையோ இருக்கிறது. எது பிடிக்கிறதோ அது.

"எழுத்து மறந்துபோச்சு"

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஊர் பெயர் வேண்டாம். நம் கூட்டமைப்பில் ஒரு குழுவில் நீண்ட காலம் ஊக்குநராக இருந்த ஒரு அக்கா, திடீரென்று பொறுப்பில் இருந்து விலகிக்கொள்கிறேன் என்றார். வயது 47. கணக்கில் ஒரு ரூபாய் தப்பு வந்ததில்லை. ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது அழுதுவிட்டார். "எழுத்து மறந்துபோச்சு மேடம். படிச்ச படிப்பெல்லாம் போச்சு. நாளைக்கு ஏதாவது தப்பா எழுதிட்டா என்னைத் திருடின்னு சொல்லிருவாங்க."

நான் தீர்மானப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, படியுங்கள் அக்கா என்றேன். கையை நீட்டிப் புத்தகத்தைத் தள்ளிப் பிடித்தார். தலையைப் பின்னால் சாய்த்தார். வெளிச்சம் தேடி வாசல் பக்கம் திரும்பினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எழுத்து மறக்கவில்லை. அவருக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து. சாளேசுரம் என்றும் சொல்வார்கள்.

கண்ணுக்குள்ளே ஒரு சின்ன லென்ஸ் இருக்கிறது. இளவயதில் அது நெகிழ்வாக இருக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது தன்னைத் தானே வளைத்துக்கொள்ளும். வயது ஏற ஏற அது இறுகிப்போகிறது. அதனால் 40 வயதை ஒட்டி, கிட்டத்தில் இருக்கிற எழுத்து மங்குகிறது. தூரத்துப் பனைமரம் பளிச்சென்று தெரியும், கையில் இருக்கிற மாத்திரை அட்டையில் தேதி தெரியாது. ஊசியில் நூல் கோர்க்க முடியாது. படித்தவர், படிக்காதவர், பணக்காரர், ஏழை எல்லாருக்கும் இது வரும். நோயும் இல்லை, சாபமும் இல்லை. ஒரு கண்ணாடி போட்டால் போதும். கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெட்டுப்போகும் என்பதும் தவறான நம்பிக்கை.

அந்த அக்காவுக்குக் கண் பரிசோதனை செய்து கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். அன்றைக்கே பழைய தீர்மானங்களை எடுத்து வரி வரியாகப் படித்தார். பிறகு, "இத்தனை நாளும் எனக்குப் புத்தி மழுங்கிப்போச்சுன்னுல்லா நினைச்சேன்" என்றார். இன்றைக்கும் அவர்தான் அந்தக் குழுவின் ஊக்குநர்.

அன்றைக்குப் பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. அம்மா கூடை பின்னுவதை நிறுத்திப் பத்து வருடம் ஆகியிருந்தது. 'ராணி' வாங்குவதும் நின்றிருந்தது. கேட்டால், "போதும்ளா, வயசாச்சு, அலுத்துப்போச்சு" என்பார். நானும் அலுத்துத்தான் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஊர் ஊராகப் போய்ப் பெண்கள் முன்னேற்றம் பேசுகிறேன். முதுகலைப் பட்டம் வாங்கியிருக்கிறேன். என் வீட்டுத் திண்ணையில் இருந்தவருக்குக் கண் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. பத்து வருட சாயங்காலங்களை அம்மா சும்மா இழந்திருக்கிறார். இதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனாலும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு அம்மா, ஒரு ஆச்சி இப்படி "அலுத்துப்போய்" உட்கார்ந்திருக்கலாம்.

கண்ணாடிக்கு என்ன பலன் என்று ஆராய்ச்சியும் செய்திருக்கிறார்கள். அசாம் தேயிலைத் தோட்டத்தில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களிடம் நடத்தினார்கள். அதன் முடிவு 2018-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள், மீதிப் பேருக்குப் பிறகு கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்து, போடாதவர்களைவிட சுமார் 22 சதவீதம் கூடுதல். பெரிய விஷயம்தான். ஆனால் இன்னும் 22 சதவீதம் கூடுதலாக வேலை பார்ப்பதற்கு என்று மட்டும் கண்ணாடி வாங்காதீர்கள். உங்களுக்குப் பிடித்ததைப் பார்ப்பதற்கும் வாங்குங்கள்.

கடையில் கண்ணாடியை வாங்கி மாட்டுவதற்கு முன் ஒருதடவை முறையாகக் கண்ணைக் காட்டிவிடுங்கள். புரை, கண் நீர் அழுத்தம், சர்க்கரையால் வருகிற பாதிப்பு எல்லாம் அப்போதுதான் தெரியவரும். அரசு மருத்துவமனையில் கண் பரிசோதனை இலவசம். டாக்டர் கோ. வெங்கடசாமி வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். திருநெல்வேலியில் அது 1988 முதல் இருக்கிறது. இலவச முகாம்களும் நடத்துகிறார்கள்.

புத்தகத்துக்குக் காசு கொடுத்தாயிற்று

சரி, கண்ணாடி வந்துவிட்டது. படிக்கப் புத்தகம்? அதற்கு நீங்கள் ஏற்கெனவே காசு கட்டிவிட்டீர்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியில் ஒரு ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரி சேர்ந்திருக்கும். 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தில் இருந்து நமக்கு வந்த ஏற்பாடு இது. ஆக ஊர் நூலகத்தில் இருக்கிற ஒவ்வொரு புத்தகத்திலும் உங்கள் பணம் இருக்கிறது. சேமிப்புக் கட்டிவிட்டுக் கடன் வாங்காமல் இருப்போமா? வரி கட்டிவிட்டுப் புத்தகம் எடுக்காமல் இருப்பதும் அப்படித்தான்.

2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். உங்கள் ஊரில் அது பூட்டிக் கிடந்தால் கிராமசபையில் எழுந்து கேளுங்கள்.

எதைப் படிப்பது? விட்டுப்போனவர்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகக் கதையில் இருந்து தொடங்கலாம். பக்கத்தில் கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், நாம் பேசுகிற கரிசல் பேச்சிலேயே கதை எழுதியவர். பெரிய பள்ளிப் படிப்பு இல்லாத அவருக்கு 1991-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. துவரங்குறிச்சியில் பிறந்த சல்மாவைப் பாருங்கள். வயதுக்கு வந்ததும் பள்ளியில் இருந்து நிறுத்தப்பட்டவர். வீட்டுக்குள்ளேயே இருந்து கிடைத்ததை எல்லாம் படித்தார், மறைத்து வைத்து எழுதினார். 2001-ல் பேரூராட்சித் தலைவரானார், 2025-ல் மாநிலங்களவை உறுப்பினர் ஆகியிருக்கிறார். நாம் எல்லாரும் எம்.பி. ஆக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. படிக்கிற பழக்கம் அடைபட்ட வீட்டில்கூட ஒரு சன்னலைத் திறந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதில் நடைமுறை லாபமும் உண்டு. கதை படித்துப் பழகிய கண்ணுக்குக் கடன் பத்திரம் பயம் காட்டாது. வீடு தேடி வந்து கடன் கொடுக்கிற நிறுவனங்கள் தருகிற கடன் அட்டை, வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. தமிழில் எழுதியிருந்தும் நாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் அந்த உத்தரவால் என்ன பயன்?

ஒருத்தர் படிக்க, மற்றவர் பின்ன

எழுதப் படிக்கத் தெரியாத அக்காமார் "எங்களுக்கு என்ன?" என்று பார்க்கிறீர்கள். உங்களுக்கும் வழி இருக்கிறது.

கியூபா என்று ஒரு நாடு. அங்கே சுருட்டு சுற்றுவது பெரிய தொழில். நம் பீடிக்கு அண்ணன் மாதிரி. 1865-ல் அங்கே ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிலாளர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, உரக்கப் படிப்பதற்கென்றே ஒருத்தரை அமர்த்தினார்கள். அவர் மேடையில் உட்கார்ந்து செய்தித்தாளும் கதையும் படிப்பார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டு சுற்றுவார்கள். அப்படிக் கேட்ட ஒரு பிரெஞ்சு நாவல் மிகவும் பிடித்துப்போனதால்தான் 'மான்டி கிறிஸ்டோ' என்று ஒரு சுருட்டுக்குப் பெயரே வந்தது என்கிறார்கள். இந்தப் பழக்கம் நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

நாம் தினமும் கூடி உட்கார்ந்து பூக்கட்டுகிறோம், பீடி சுற்றுகிறோம். டிவி சீரியல் ஓடுகிறது. வாரத்தில் ஒரு சாயங்காலம் டிவியை நிறுத்திவிட்டு, எட்டாவது படிக்கிற பிள்ளை ஒன்று ஒரு கதையை வாசிக்கட்டுமே. பிள்ளைக்கும் வாசிப்பு வரும், நமக்கும் கதை கிடைக்கும். கை தன்பாட்டுக்கு வேலை பார்க்கும்.

மூன்று தீர்மானங்கள்

எழுதாத விஷயம் என்று தொடங்கினேன். இப்போது எழுதிவிடுவோம். சம்மதம் என்றால் கை தூக்குங்கள்.

1. ஒவ்வொரு குழுவிலும் 40 வயதுக்கு மேற்பட்ட உறுப்பினர்களின் பெயரை ஊக்குநர் எழுதிக்கொண்டு வர வேண்டும். எல்லாருக்கும் கண் பரிசோதனைக்குக் கூட்டமைப்பு ஏற்பாடு செய்யும். வீட்டில் இருக்கிற மாமியார், அம்மா, ஆச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். சித்திரையில்தான் வருகிறது. அன்றைக்கு ஒவ்வொரு குழுவும் நூலகத்துக்குப் போய் உறுப்பினராகச் சேர வேண்டும்.

3. இந்தச் சித்திரையிலும் வைகாசியிலும் தினமும் அரை மணி நேரம் நமக்கே நமக்கு. படிப்போ, பின்னலோ, வேப்பமரத்தைப் பார்த்துச் சும்மா உட்காருவதோ, உங்கள் விருப்பம். அந்த அரை மணி நேரத்துக்கு வீட்டில் இருக்கிற ஆண்களோ பெரிய பிள்ளைகளோ அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். உலை பொங்கினால் இறக்கி வைக்க அவர்களுக்கும் கை இருக்கிறது.

என் அம்மாவுக்கு 56-வது வயதில் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். பரணில் பாதியில் நின்ற ஒரு கூடை இருந்தது. பச்சையும் மஞ்சளும், நெல்லிக்காய் முடிச்சு. இறக்கித் தூசி தட்டி மூன்று நாளில் முடித்துவிட்டார். இப்போது அது திண்ணைச் சுவரில் தொங்குகிறது. உள்ளே நூலகப் புத்தகமும் கண்ணாடியும் இருக்கும். போன வாரம் ஒருத்தர் விலைக்குக் கேட்டாராம். அம்மா கொடுக்கவில்லை.

எல்லாரும் கை தூக்கிவிட்டீர்கள். சந்தோஷம். அப்படியானால் தீர்மானப் புத்தகத்தை எடுங்கள். இன்றைக்கு யார் எழுதப்போகிறீர்கள்?